எந்தக் கட்டில் தேடுவது? பெண்கள் வரலாறும் கையெழுத்து ஆவணங்களும்

1916ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில், ஒரு தனியார் சுவடித் தொகுப்பில் பண்டிதர் ராமசாமி சாஸ்திரியின் கண்ணில் ஒரு சமஸ்கிருதக் காவியம் பட்டது. கிரந்த எழுத்தில் 61 ஓலைகள். அதற்குக் கொஞ்சமும் தொடர்பில்லாத வேறு இரண்டு நூல்களுக்கு நடுவே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரைச் சுல்தானை வென்ற கதையை அவன் மனைவி கங்காதேவி பாடிய ‘மதுரா விஜயம்’ அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டின் தமிழக அரசியலுக்கு அது முக்கியமான சான்று. இன்று அதை மேற்கோள் காட்டாமல் மதுரைச் சுல்தான்களைப் பற்றி எழுத முடியாது.

ஏட்டுக்கட்டின் நடுவில் உள்ள நூல் பட்டியலில் ஏறாமல் போவது அபூர்வமல்ல. முதல் ஓலையைப் பார்த்துக் கட்டுக்குப் பெயர் எழுதிவிட்டால் மற்றவை அந்தப் பெயருக்குள் அடங்கிப்போகும். இது எல்லா நூலுக்கும் நேர்வதுதான். ஆனால் பெண்கள் வரலாற்றைத் தேடுகிறவருக்கு இதையே முதல் பாடமாகச் சொல்வேன். பெண்களைப் பற்றிய ஆவணம் நம்மிடம் இல்லை என்ற புலம்பலை ஆய்வு மாணவர்கள் முதல் ஆசிரியர்கள் வரை பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆவணம் இருக்கிறது. வேறு யாருடைய பெயரிலோ, வேறு எந்தக் காரியத்துக்காகவோ கட்டிவைத்திருக்கிறார்கள். பெண்ணின் பெயரைப் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். எந்தக் காரியம் அவளைக் காகிதத்தில் ஏற்றியிருக்கும் என்று யோசித்து, அந்தக் காரியத்தைக் கவனித்த அலுவலகத்தின் கட்டுகளைப் பிரிக்க வேண்டும்.

பெண் எழுதிய நூலே கிடைத்தாலும் அச்சுப் பிரதியை நம்பி நின்றுவிடக் கூடாது. தஞ்சையில் பிரதாபசிம்மன் அரசவையில் (1739–1763) இருந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ‘ராதிகா சாந்த்வனமு’ 1887இல் அச்சானது. பதிப்பாசிரியர் முன்னுரைப் பகுதியை விட்டுவிட்டார். தன் தாய் வழியையும் பாட்டியையும் முத்துப்பழனி சொல்லிக்கொள்வது அந்தப் பகுதியில்தான். பெங்களூர் நாகரத்தினம்மாள் கையெழுத்துப் பிரதியைத் தேடிப் பிடித்து, விடுபட்டதைச் சேர்த்து 1910இல் மறுபடி பதிப்பித்தார். அடுத்த ஆண்டே ஆபாசம் என்று அரசு தடை போட்டது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1887 பதிப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு முத்துப்பழனி ஒரு பெயர். பிரதியைப் பார்த்தவருக்கு அவள் இன்னார் மகள், இன்னார் பேத்தி, இன்ன குலத்தின் புலமை மரபில் வந்தவள். எதை ஆபாசம் என்று வெட்டினார்கள் என்பது பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தாய்வழி வரலாறும் அச்சில் காணாமல் போனதைப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அதுவே பெரிய இழப்பாகத் தெரிகிறது.

கங்காதேவியும் முத்துப்பழனியும் அரண்மனையைச் சார்ந்தவர்கள்; எழுதத் தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எழுதாத பெண்கள்தான் ஆவணக் காப்பகத்தில் அதிகம். அவர்களைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த காரியங்களில் முதலிடம் சொத்துக்கு.

சிவகங்கை ஜமீனை எடுத்துக்கொள்வோம். 1801இல் கிழக்கிந்தியக் கும்பினியார் ஜமீன்தாராக அமர்த்திய கௌரிவல்லபத் தேவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். பட்டம் அவருடைய அண்ணன் மகன்கள் பக்கம் போயிற்று. ஜமீன் எங்கள் கணவர் தாமே சம்பாதித்தது, குடும்பப் பொதுச் சொத்து அல்ல என்று விதவை அங்கமுத்து நாச்சியார் வழக்குப் போட்டார். அவர் இறந்த பிறகு மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்தார். ஜில்லாக் கோர்ட், மதராஸ் சதர் அதாலத், லண்டன் பிரிவி கவுன்சில் என்று ஏறி, 1863இல் மகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. தந்தை இறந்து 34 வருடம். கூட்டுக் குடும்பத்தில் ஒருவரின் சுயார்ஜிதச் சொத்து யாருக்குச் சேரும் என்ற கேள்விக்குச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். அவர்கள் படிப்பது சட்டப் பகுதியை. வரலாறு தேடுகிறவர் தீர்ப்பை அப்பால் வைத்துவிட்டு வழக்குக் கட்டைத் தேட வேண்டும். பிரிவி கவுன்சிலுக்குப் போன அப்பீல்களில் கீழ்க்கோர்ட்டு நடவடிக்கைகளை மொழிபெயர்த்து அச்சிட்டு அனுப்புவார்கள். மனு, எதிர்மனு, வம்சாவளி, சாட்சி வாக்குமூலம், குடும்பக் கடிதம், சீல் வைத்த பழைய ஓலையின் நகல் என்று எல்லாம் அதில் இருக்கும். யார் யாரோடு ஒரே வீட்டில் இருந்தார்கள், யாருக்கு எந்தக் கிராமத்து வருமானம், யாருக்கு யார் மேல் கோபம் என்பதையெல்லாம் நாச்சியார்களின் சொந்தக் கடிதமே கிடைத்தாலும் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்காது. சாட்சிக் கூண்டில் நிற்கிற காரியக்காரனும் சமையற்காரனும் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு படி கூர்மையானது தஞ்சாவூர் வழக்கு. 1855 அக்டோபரில் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் அரசு முடிந்துவிட்டது என்று கும்பினி அறிவித்தது. மறு ஆண்டு அரண்மனையின் சொந்தச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாயி சாகேபு மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். 1859இல் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது: அரசு, அரசு என்ற முறையில் செய்த காரியத்தை நீதிமன்றம் விசாரிக்க முடியாதாம். பிறகு 1862இல் அரசாங்கமே மனமிரங்கி நிலபுலங்களை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. வீரப் பெண்மணி, வெள்ளையர் அநியாயம் என்று முடிந்துவிடும். அடுத்த கட்டைப் பிரித்தால் கதை வேறு. ஜீஜாயாம்பா பாயி என்ற இளைய ராணி, காமாட்சி பாயி மேலேயே வழக்குப் போடுகிறார். 1868இல் மதராஸ் ஹைகோர்ட் தீர்ப்புச் சொல்கிறது. திரும்பி வந்த சொத்தில் சக்களத்திகளுக்கு என்ன உரிமை, மூத்தவள் தனியாக நிர்வகிக்கலாமா என்பது விவகாரம். பெண்கள் ஒரே குரலில் பேசினார்கள் என்று எழுத ஆசைப்படுகிறவருக்கு இந்தக் கட்டு சங்கடமாக இருக்கும். எனக்கு முதல் வழக்கைவிட இதுதான் மதிப்பு வாய்ந்தது. கும்பினியோடு சண்டை போடும்போது அரண்மனைப் பெண்கள் ஒரு குடும்பம். பங்குக்கு வரும்போதுதான் தனித்தனி மனுஷிகளாகிறார்கள்.

இந்தக் காகிதங்கள் கிடைக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் மதராஸ் ரிக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. அங்கே ‘பெண்கள்’ என்று தலைப்பிட்ட அலமாரி எதுவும் கிடையாது. இலாகா, வருடம், அரசாணை எண் என்ற வரிசையில்தான் எல்லாம். ஒரு விதவை ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுத்தால் அது கலெக்டரிடம் போகும். கலெக்டர் சுருக்கமும் சிபாரிசும் எழுதி ரெவின்யூ போர்டுக்கு அனுப்புவார். போர்டு தன் குறிப்போடு அரசாங்கத்துக்கு. விஷயம் பெரிதானால் கப்பலேறி லண்டனுக்கு. ஆகவே ஒரே மனுவுக்கு நான்கு இடத்தில் நான்கு வடிவம் இருக்கலாம். ஜில்லா ரிக்கார்டில் விவரமாக இருப்பது போர்டு நடவடிக்கையில் ஒரு பத்தியாகி, அரசாணையில் ‘மனுதாரரின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரியாகிவிடும். மேலே போகப் போகப் பெண் மெலிந்துகொண்டே போவாள். அரசாணையில் அந்த ஒரு வரியைக் கண்டால் உடனே அதன் எண்ணையும் தேதியையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.

லண்டனுக்குப் போனதில் ஒரு லாபம் உண்டு. 1796 முதல் 1858 வரை, இந்தியாவிலிருந்து வந்த ஒவ்வொரு விவகாரத்தின் காகிதங்களையும் அங்குள்ள குமாஸ்தாக்கள் ஒரே கட்டாகத் தொகுத்து நகலெடுத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பிரிவில் ‘போர்டுஸ் கலெக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் அவை இருக்கின்றன. இங்கே பத்து வால்யூமில் சிதறிக்கிடப்பது அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் பெயரை ஆங்கிலக் காது கேட்டபடிதான் எழுதியிருப்பார்கள். காமாட்சி பாயி சாகேபு வழக்குத் தலைப்பில் ‘கமாச்சி போயி சாஹாபா’, நாச்சியார் ‘நாட்சியர்’. சிவகங்கை ‘ஷிவகுங்கா’. தட்டிப் பார்க்க வேண்டிய எழுத்துக்கூட்டல்களை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் மிச்சம்.

மனுவில் பேசுவது யார் என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. விதவையின் மனு என்றாலும் எழுதியது வக்கீல் குமாஸ்தா. ‘அநாதையும் அபலையுமான’ என்று தொடங்கும் வாசகம் அவருடைய கைச்சரக்கு. அதைப் பெண்ணின் குரல் என்று எடுத்துக்கொண்டு உருகி எழுதப்பட்ட ஆய்வுகள் உண்டு. வாசகத்தை விட்டுவிட்டு விவரத்தைப் பாருங்கள்: எத்தனை பிள்ளைகள், எந்த நிலம், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் யார் வந்து கதவைப் பூட்டினார்கள். இவற்றை எந்தக் குமாஸ்தாவும் கற்பனையில் எழுதிவிட முடியாது. அவள் சொல்லித்தான் எழுதியிருக்க வேண்டும்.

தேவதாசிகளைத் தேடுகிறவருக்குத் தமிழகத்தில் தேட இடங்கள் அதிகம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், வந்த ஊரும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. காகித ஆவணங்களில் அதற்கு இணையான துல்லியம் மறுபடி கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைப் பாருங்கள். எந்த ஊழியத்துக்காக எந்த நிலம், இப்போது யார் அனுபவத்தில், அவருக்கு என்ன வயது, வாரிசு யார் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். கோயில் ஊழிய மானியம் தாசியின் பெயரில் இருந்தால் அவள் பெயர் அங்கே நிச்சயம். இந்த ஆவணங்களில் ஓர் அடையாளம் உடனே கண்ணில் படும். மற்ற பெண்களை இன்னார் பாரியாள், இன்னார் சம்சாரம் என்று எழுதுவார்கள். இவர்களை இன்ன தாசியின் மகள் என்று தாய் பெயரால் எழுதுவார்கள். சாதியோ தொழிலோ குறிப்பிடாத பத்திரத்திலும் இதை வைத்தே இனம் கண்டுகொள்ளலாம்.

தஞ்சை மராட்டியர் காலத்துக்கு மோடி ஆவணங்கள் உண்டு. மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட எழுத்து மோடி; இன்று படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அரண்மனையின் அன்றாட வரவு செலவு, சத்திரக் கணக்கு, ஆட்டக்காரிகளுக்குக் கொடுத்த சேலை, சம்பளம் என்று கட்டுக்கட்டாக இருக்கிறது. தமிழாக்கம் செய்து தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொகுதிகள் இல்லாவிட்டால் நமக்கெல்லாம் அந்தக் கதவு அடைத்தே இருந்திருக்கும். இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் என்ற பெண்ணின் பெயரில் கட்டிய சத்திரத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்தச் சத்திரங்களில் யாருக்குச் சோறு போட்டார்கள், பிள்ளை பெற்ற வழிப்போக்குப் பெண்ணுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் கணக்குக் காகிதத்தில் தேட வேண்டியவை.

1927இல் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தபோது தேவதாசிகள் சங்கம் கூட்டி அரசாங்கத்துக்கு மனு அனுப்பினார்கள். எதிர்த்தவர்களின் மனுவும் ஆதரித்தவர்களின் மனுவும் சட்ட இலாகா அரசாணைகளுடன் சேர்ந்து கிடக்கின்றன. அம்மையாரின் சொந்தக் காகிதங்களோ டெல்லியில், முன்பு நேரு நினைவு நூலகமாக இருந்த இடத்தில். ஒரே விவாதத்தின் இரு பக்கங்கள் இரு நகரங்களில். டெல்லிக் கட்டை மட்டும் படித்தவர் ஒரு வரலாறு எழுதுகிறார். எழும்பூர்க் கட்டை மட்டும் படித்தவர் அதற்கு நேர் எதிரான ஒன்றை எழுதுகிறார். இந்தச் சண்டை இன்னும் ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அரசாங்கத்தை விட்டு வீட்டுக்கு வந்தால் இரும்புப் பெட்டி பத்திரங்கள். தாய்ப்பத்திரம், பாகப்பிரிவினை, ஒத்திப் பத்திரம், தான செட்டில்மெண்ட் என்று பெயர்கள் பல. 1860களில் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகு நகலும் அரசிடம் இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு அட்டவணை உண்டு. அதற்கு முந்தியவற்றுக்கு ஓலையும் கையெழுத்துக் காகிதமும்தான் கதி. தமிழ் எண், காணி முந்திரி என்ற பின்னம், அறுபது வருடச் சுற்றில் எந்தச் சுற்று என்று தெரியாத வருடப் பெயர் மூன்றும் பழக வேண்டும். பெண்ணின் பெயர் பத்திரத் தலைப்பில் ஒருமுறை வந்துவிட்டு, பிறகு முழுக்க ‘மேற்படி’ ஆகிவிடும். அந்த மேற்படிக்கு ஒரு குறியீடுதான் இருக்கும் என்பதால் புதியவர் கண்ணுக்குத் தப்பிவிடும். கடைசியில் சாட்சிகளுக்கு மேலே ஒரு கீறல்: கைநாட்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு கிராமங்களில் இத்தகைய ஓலைகளையும் காகிதங்களையும் படமெடுத்து வைத்திருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்துகளின் தீர்மானங்களும் அதில் உண்டு. கல்யாண முறிவு, பரிசப் பணம், ஓடிப்போன விவகாரம் எல்லாம் கோர்ட்டுக்குப் போகுமுன் அங்கேதான் பேசப்பட்டன.

யாழ்ப்பாணத்தில் பாதை இன்னும் நேரானது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டம் மகளுக்குப் போகும் சீதனத்தைச் சொத்துரிமையின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தது. காணியும் வீடும் பெண் பெயரில் எழுதப்பட்டதால் சீதன உறுதிகளில் தாய், மகள், பேத்தி என்று தலைமுறை தொடர்ந்து வருகிறது. ஆனால் அந்தக் காணியை விற்க மனைவிக்குக் கணவன் சம்மதம் வேண்டும். அதனால் நொத்தாரிசு எழுதிய ஒவ்வொரு விற்பனை உறுதியிலும் சம்மதம் தரும் கணவனும் வந்து நிற்பான். உரிமை அவளுக்கு, கட்டுப்பாடு அவனுக்கு என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தையும்விட இந்த உறுதிகள் தெளிவாகக் காட்டும்.

நிலமும் நகையும் இல்லாத பெண்? இங்கேதான் இதுவரை சொன்ன வழி பலவீனப்படுகிறது. சொத்து இல்லாதவளுக்குப் பத்திரமில்லை, வழக்கில்லை. அவளைப் பதிவு செய்ததெல்லாம் அவளிடம் வேலை வாங்கியவர்களும், வரி கேட்டவர்களும், மதம் மாற்றியவர்களும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1860இல் மதராஸிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் முதல் 1911 வரை 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விதி இருந்ததால் பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். தமிழ்க் கிராமத்தில் அதே காலத்தில் அதே நிலையில் இருந்த பெண்ணைப் பற்றி இவ்வளவு விவரம் வேறெங்கும் கிடைக்காது. பட்டியலோடு நின்றுவிட்டால் அது வெறும் கணக்கெடுப்பு. அந்த எண்தான் சாவி. நேட்டாலில் அவளைப் பற்றி எழுந்த காகிதங்களில் அந்த எண் கூடவே வருகிறது: குடியேற்றப் பாதுகாவலரிடம் கொடுத்த புகார், கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மேல் 1895 சட்டம் போட்ட மூன்று பவுன் வரி. அந்த வரி 13 வயது தாண்டிய பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. முனியம்மா என்ற பெயரில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள்; எண் ஒருத்திக்குத்தான். மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களில் பலருக்குப் புகைப்படமும் இருக்கிறது.

பாதிரிகளின் பதிவேடுகள் இன்னொரு வகை. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் சுமார் நாற்பது பேர் கொண்ட பட்டியலில் முதல் பெயர் கிளாரிந்தா. மராட்டியப் பிராமண விதவை. ஓர் ஆங்கில அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த அதிகாரி உயிரோடு இருந்தவரை ஞானஸ்நானம் மறுத்த சுவார்ட்ஸ் ஐயர், அவர் இறந்த பின் 1778இல் கொடுத்தார். இந்தத் தயக்கமும் மறுப்பும் பாதிரிகளின் எழுத்து வழியாகத்தான் நமக்குத் தெரிகிறது. தரங்கம்பாடி மிஷனின் காகிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கின்றன. திருநெல்வேலிப் பெண்களின் வரலாற்றை எழுத ஜெர்மன் கையெழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. கிளாரிந்தா போன்ற ஒரு பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அங்கேயும் பதில் இருக்காது. பாதிரி எதை மெச்சினார், எதைக் கண்டித்தார் என்பதுதான் இருக்கும்.

சொந்தக் கையால் எழுதிய காகிதம் பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான். மைதிலி சிவராமன் 2006இல் வெளியிட்ட ‘ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்’ நூலுக்கு ஆதாரம், 1897இல் பிறந்த தம் பாட்டி சுப்புலட்சுமி விட்டுச்சென்ற நாட்குறிப்புகளும் துண்டுத் தாள்களும். பாட்டி புகழ்பெற்ற தலைவி அல்ல. உப்பு இலாகாவில் வேலை பார்த்த கணவரோடு கடற்கரையோர ஊர்களில் வாழ்ந்தவர். படித்த புத்தகங்களைப் பற்றிக் குறித்து வைத்தவர். அந்தத் தாள்கள் எந்தக் காப்பகத்திலும் இருக்கவில்லை. இப்படிப்பட்டவற்றுக்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் அம்பை என்ற சி.எஸ். லக்ஷ்மியும் நண்பர்களும் 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ காப்பகத்தைத் தொடங்கினார்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகமும் அச்சு நூல்களோடு தனியார் சேகரிப்புகளை ஏற்கிறது.

யார் வீட்டிலாவது பாட்டியின் பெட்டியைத் திறக்க விடுகிறார்கள் என்றால் ஆர்வத்தில் உடனே தேதிவாரியாக அடுக்க ஆரம்பிக்காதீர்கள். எது எதோடு சேர்ந்து, எந்தத் துணியில் சுற்றி இருந்தது என்பதை முதலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நகைச்சீட்டு கடிதத்துக்குள் மடித்து வைத்திருந்தால் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம். கடித உறைகளை எறிந்துவிட வேண்டாம். உள்ளே ‘இவ்விடம் க்ஷேமம்’ என்பதற்கு மேல் அதிகம் இருக்காது, தேதியும் இருக்காது. உறையின் மேல் உள்ள தபால் முத்திரைதான் அவள் எந்த வருடம் எந்த ஊரில் இருந்தாள் என்பதற்குச் சான்று. பால் கணக்கு எழுதிய நோட்டைக் குடும்பத்தார் ‘இது எதற்கு’ என்று ஒதுக்குவார்கள். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்காரப் பெண்ணின் பெயரும் சம்பளமும் அவள் வாங்கிய முன்பணமும் எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த நோட்டில்தான்.